வெறுங்கையோடு போகிறவர்கள்

பிரஸ்ஸல்ஸில் எனக்கு அது முதல் குளிர்காலம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த இருட்டில் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. பழைய சாமான் கடை ஒன்றில் 3 யூரோவுக்கு ஆயிரம் துண்டு ஜிக்சா புதிர் ஒன்று கிடைத்தது. பெட்டியின் மேல் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகலின் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. எல்லோரும் எங்கேயாவது பார்த்திருக்கும் படம்தான்: வாழ்த்து அட்டையில், நாள்காட்டியில், யாராவது ஒருவருடைய கணினித் திரையில். நானும் அப்படித்தான் பார்த்திருந்தேன். பனி, குளம், சறுக்கி விளையாடும் பிள்ளைகள், தூரத்தில் மலை. அமைதியான கிராமம். இந்த இருட்டுக்கு ஏற்ற படம் என்று சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். அப்புறம் ஏழு வாரம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.

சாப்பிட்டோம் என்றது என்னையும், என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்ட தம்பியையும். மதுரைக்காரன். பகலில் முதுகலைப் படிப்பு, மாலையில் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. முதுகில் பெரிய சதுரப் பை. இரவு பத்தரைக்கு மேல் வருவான், பையை இறக்கி வைப்பான், தோளை ஒருமுறை சுழற்றுவான், நின்றபடியே இரண்டு துண்டு சேர்ப்பான், போய்ப் படுத்துவிடுவான். ஜனவரியில் ஒருநாள் அப்படி நின்றவன் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றான்.

“ஏண்ணே, இந்தப் படத்துல ரோட்டுல வெறுங்கைய வீசிக்கிட்டுப் போறவன் ஒருத்தனாச்சும் இருக்கானா?”

“அதோ சறுக்குறாங்களே.”

“அது குளம்ணே. நான் ரோட்டச் சொல்றேன்.”

சொல்லிவிட்டு அவன் தூங்கப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் போனது. பெட்டி மூடியை விளக்கடியில் வைத்துக்கொண்டு தேடினேன். முன்னால் வரும் மூன்று வேட்டைக்காரர்களின் தோளில் நீளக் கழிகள். ஒருவன் கழியில் ஒரு நரி தொங்குகிறது. மூன்று ஆள், ஒரு கூட்டம் நாய், வேட்டை ஒரே ஒரு நரி! நாய்களும் தலையைத் தொங்கப்போட்டுத்தான் வருகின்றன. விடுதி வாசலில் வைக்கோல் தீ. பன்றியின் மயிரைப் பொசுக்க மூட்டியது என்பார்கள். விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று ஒருபக்கமாகத் தொங்குகிறது. கீழே பாலத்தின் மேல் ஒருத்தி சுள்ளிக்கட்டோடு குனிந்து போகிறாள். தூரத்துச் சாலையில் ஒரு வண்டி. இன்னும் தூரத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் தீப்பிடித்து, ஏணியோடு ஆட்கள் ஓடுகிறார்கள். விளையாடுகிறவர்கள் எல்லோரும் பனிக்கட்டியான குளத்தின் மேல் இருக்கிறார்கள். பாதையில் இருப்பவர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒரு சுமை. அந்தப் பாலத்துக்காரிக்காவது பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

எனக்கு ஒரு கருத்து இருந்தது

இந்த ஓவியங்களைப் பற்றி எனக்கு அதுவரை ஓர் உறுதியான கருத்து இருந்தது. நாலு பேர் கூடினால் எடுத்துவிடுவேன். இயற்கையைச் சும்மா பார்ப்பது, பார்ப்பதற்காகவே ஓர் இடத்துக்குப் போவது என்பதையெல்லாம் ஐரோப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பிளெமிஷ் ஓவியர்கள்தான், அதாவது இன்றைய பெல்ஜியப் பகுதியின் பழைய ஓவியர்கள்தான் என்பேன். (பிளெமிஷ் என்பது ஒரு வசதிக்குத்தான். ஆண்ட்வெர்ப்பும் பிரஸ்ஸல்ஸும் அன்றைக்கு பிராபண்ட் சிற்றரசில் இருந்தன, பிளாண்டர்ஸில் இல்லை. இதை ஓர் உள்ளூர்க்காரரிடம் தவறாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

ஆதாரமும் கையில் இருந்தது. யோவாகிம் பாட்டினீர் என்பவர் மியூஸ் ஆற்றங்கரையில் டினான் பக்கத்துக்காரர், 1524-இல் இறந்தார். அவர் படங்களில் புனிதர்கள் கட்டைவிரல் அளவுதான். மிச்சமெல்லாம் பாறை, ஆறு, காடு, கடல். முன்னால் பழுப்பு, நடுவே பச்சை, கடைசியில் நீலம் என்று மூன்று பட்டைகளாக நிலம் விரியும். பறவையின் முதுகில் உட்கார்ந்து பார்ப்பது போலிருக்கும். 1521-இல் ஆண்ட்வெர்ப்புக்கு வந்திருந்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், பாட்டினீரின் திருமணத்துக்குப் போயிருக்கிறார். அவரைத் தன் பயணக் குறிப்பில் ‘நல்ல நிலக்காட்சி ஓவியர்’ என்று எழுதிவைத்திருக்கிறார். நிலத்தை வரைபவர் என்றே ஒருவருக்குப் பெயர் விழுந்துவிட்டது அல்லவா? அப்படியென்றால் நிலத்தைப் பார்க்கிறவர்களும் வந்துவிட்டார்கள் என்றுதானே பொருள்? இது என் வாதம்.

தம்பியின் கேள்விக்குப் பிறகு அதே பாட்டினீரை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் படம் ஒன்று: எகிப்துக்குத் தப்பிப்போகும் வழியில் மரியாள் குழந்தையோடு உட்கார்ந்து இளைப்பாறுகிறாள். இதை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் கண் நேராகப் பின்னாலிருக்கும் நீலத்துக்குப் போய்விடும். இந்தத் தடவைதான் மரியாளின் காலடியைப் பார்த்தேன். கூடை, மூட்டை, கைத்தடி. எல்லாம் படத்தின் முன்வரிசையில், அத்தனை கவனத்தோடு வரையப்பட்டிருக்கின்றன. கூடையின் பின்னலை எண்ணிவிடலாம். உட்கார்ந்திருக்கும்போதுகூடச் சுமை எங்கேயும் போகவில்லை. இறக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி தூக்க வேண்டும்.

அப்படியானால் அந்த நீலத்தை யார் பார்க்கிறார்கள்? படத்துக்குள் இருக்கும் ஒருவரும் பார்க்கவில்லை.

குன்றின் மேல் நிற்பவர்

புரூகல் 1551-இல் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகள் இத்தாலிப் பயணம். ஆல்ப்ஸைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தார். ஆல்ப்ஸில் மலையையும் பாறையையும் விழுங்கி, வீட்டுக்கு வந்து பலகையில் உமிழ்ந்தார் என்று 1604-இல் ஓவியர்களின் வாழ்க்கையைத் தொகுத்த காரெல் வான் மாண்டர் எழுதுகிறார். அதனால்தான் ‘வேட்டைக்காரர்கள்’ படத்தில் கிராமம் பிராபண்ட், மலை ஆல்ப்ஸ். பிராபண்டில் அப்படி ஒரு மலை கிடையாது. படத்தின் இடது ஓரத்திலிருந்து நிலம் சரிந்து இறங்குகிறதே, அந்த உயரத்திலிருந்துதான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். அதுவும் அங்கே கிடையாது. நாம் நிற்பதற்காக அவர் ஒரு குன்றைச் செய்து கொடுத்திருக்கிறார்.

‘நாம்’ என்று தாராளமாகச் சொல்லிவிட்டேன். அந்தக் குன்று செய்யப்பட்டது நிக்கலஸ் யோங்கலிங்க் என்ற ஆண்ட்வெர்ப் வணிகருக்காக. நகருக்கு வெளியே இருந்த அவருடைய மாளிகைக்கு, ஆண்டின் மாதங்களைச் சொல்லும் ஒரு வரிசையைப் புரூகல் 1565-இல் வரைந்தார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலமான ஓக் பலகை. அடுத்த ஆண்டே வேறொருவரின் 16,000 கில்டர் கடனுக்கு யோங்கலிங்க் பிணை நின்றபோது, இந்த மாதங்களையும் சேர்த்து 16 புரூகல் ஓவியங்களை ஆண்ட்வெர்ப் நகரத்திடம் ஈடு காட்டினார். அறுவடையும் வைக்கோலும் மாட்டு மந்தையும் பத்திரத்தில் ஏறிவிட்டன. 1594-இல் நகரம் அவற்றை நாட்டின் ஆளுநராக வந்த ஆர்ச்டியூக் எர்னெஸ்டுக்குப் பரிசாகக் கொடுத்தது. இன்று மிஞ்சியவை ஐந்து: மூன்று வியன்னாவில், ஒன்று பிராகில், ஒன்று 1919 முதல் நியூயார்க்கில்.

பிராகில் இருக்கும் ‘வைக்கோல் சேர்ப்பு’தான் என்னை மிகவும் தொந்தரவு செய்தது. கோடைக்காலம். ஒரு சாலை படத்தின் குறுக்கே இறங்குகிறது. அதில் காய்கனிக் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையாகக் கீழே போகிறார்கள். கூடைகள் முகத்தை மறைத்துவிடுகின்றன. கழுத்துக்கு மேல் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூடை; அதற்குக் கீழே இரண்டு கால்கள். கூடைகளே நடந்து சந்தைக்குப் போகின்றன என்றுதான் தோன்றும். அதே நேரத்தில் எதிர்ப்பக்கமாக, கையில் வைக்கோல் வாரிகளோடு மூன்று பெண்கள் வருகிறார்கள். இருவர் தங்கள் வழியைப் பார்க்கிறார்கள். நடுவில் இருக்கும் இளம்பெண் மட்டும் தலையைத் திருப்பி நேராக நம்மைப் பார்க்கிறாள்.

அந்த ஐந்து படங்களிலும் நம்மைக் கவனித்துவிட்டவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. வயலோரம் காரை நிறுத்திப் படம் பிடிப்பவரை வேலையாட்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. யோங்கலிங்க் விருந்தாளிகளோடு சாப்பிட்டு முடித்து இந்தப் பலகையின் முன்னால் நின்றபோது, அந்தப் பெண் அவரையும் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

இவர் ஒருவர்தான் கிராமத்தைச் சுவரில் மாட்டினார் என்றும் நினைக்க வேண்டாம். ஆண்ட்வெர்ப்பில் ஹியரோனிமஸ் கொக் என்ற பதிப்பாளர் 1559-லும் 1561-லும் சின்னச் சின்ன நிலக்காட்சி அச்சுகளை வெளியிட்டார். மொத்தம் 44. மலை கிடையாது, புனிதர் கிடையாது. கூரை வீடு, வேலி, குட்டை, வளைந்து போகும் வண்டிப்பாதை. ஆண்ட்வெர்ப் அருகில் நேரில் பார்த்து வரைந்தவை என்று முதல் பக்கமே சொல்கிறது. வரைந்தவர் யார் என்பது இன்றுவரை தெரியாத புதிர். அந்தப் பாதைகளில் மனிதர்கள் மிகக் குறைவு. பல தாள்களில் காலியாகவே கிடக்கின்றன. சுமார் 1 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த துறைமுக நகரத்தில் இந்தத் தாள்களை வாங்கியவர்கள், காலியான பாதைக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள். சுள்ளிக்கட்டுக்காரியை எடுத்துவிட்டால் பாதை எவ்வளவு அழகாகிவிடுகிறது!

பெத்லகேமில் வரிசை

மாதத்தின் முதல் புதன்கிழமை மதியத்துக்கு மேல் பிரஸ்ஸல்ஸ் அரச கவின்கலை அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம் என்று தம்பிதான் கண்டுபிடித்துச் சொன்னான். பிப்ரவரியில் போனேன். அவனுக்கு வகுப்பு, தனியாகத்தான் போனேன். புரூகல் அறையில் ‘பெத்லகேமில் குடிமதிப்பு’ இருந்தது. 1566-ஆம் ஆண்டுப் படம். தலைப்பைப் படிக்காமல் பார்ப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்; சில சமயம் அது அசட்டுத்தனமாக முடியும்.

பனி மூடிய பிராபண்ட் கிராமம். சிவந்த சூரியன் மொட்டை மரத்தின் கிளைகளுக்குப் பின்னால் இறங்குகிறது. இடப்பக்கம் விடுதி வாசலில் பன்றியை அறுக்கிறார்கள். ஒரு பெண் சட்டியில் இரத்தம் பிடிக்கிறாள். கோழிகள் பனியைக் கிளறுகின்றன. பீப்பாய் ஏற்றிய வண்டிகள். குளத்தில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பனிக்கட்டியான நீரைக் கடந்து, தங்களைவிடப் பெரிய மூட்டைகளைச் சுமந்துகொண்டு குனிந்தபடி வருகிறார்கள் சிலர். தம்பி சொன்னதுதான், இங்கேயும் அதேதான் என்று எண்ணிக்கொண்டே போனேன். விடுதியின் ஜன்னலில் ஒரு கூட்டம் முண்டியடிக்கிறது. உள்ளே ஒருவர் பேரேட்டில் எழுதுகிறார், பக்கத்தில் இன்னொருவர் காசு வாங்குகிறார். ஜன்னலோரச் சுவரில் ஹாப்ஸ்பர்க் அரச சின்னம்.

என்னை நிறுத்தியது அந்த ஜன்னல்தான். அதைவிட நான்கு மாதம் முன்னால், அக்டோபரில், நான் அதே மாதிரி ஒரு ஜன்னலின் முன்னால் நின்றேன். பெல்ஜியத்துக்குக் குடிவருகிற எவரும் தான் வசிக்கும் பகுதியின் நகராட்சியில் பதிவு செய்தாக வேண்டும். காலை ஏழேகாலுக்கே வரிசை தெருமுனை தாண்டியிருந்தது. முதல் தடவை என் பிறப்புச் சான்றிதழில் ஒரு முத்திரை குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை முத்திரை இருந்தது, மொழிபெயர்ப்பு பழையதாகிவிட்டது. மூன்றாம் தடவை எல்லாம் சரி. ஆனால் நீ அந்த வீட்டில்தான் இருக்கிறாய் என்று போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும், அதுவரை காத்திரு என்றார்கள். அவர் எந்த நாள் வருவார் என்று சொல்ல மாட்டார்கள். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதி ஒட்டிவிட்டு, பத்து நாள் மாடிப்படியில் கேட்ட ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து நின்றேன். யாரும் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும். நான் ஒரு பெயராக ஏட்டில் ஏறும்வரை அங்கே இல்லாதவன் என்பதை மட்டும் மிகவும் மரியாதையாகப் புரியவைத்தார்கள்.

அந்த ஞாபகத்தோடு கூட்டத்தை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கூட்டத்தை நோக்கி வரும் ஒரு கழுதையைக் கவனித்தேன். அதன் மேல் நீலப் போர்வையில் உடம்பை மூடிக்கொண்டு ஒரு பெண். கழுதைக்கு முன்னால் நடக்கும் ஆளின் முகம் தொப்பியில் மறைந்திருக்கிறது. தோளில் நீளமான ஒரு மரமறுக்கும் ரம்பம். கூடவே ஒரு மாடு. தச்சர். கர்ப்பிணி மனைவி. அப்போதுதான் தலைப்பைப் படித்தேன். அகுஸ்து பேரரசனின் கட்டளைப்படி சொந்த ஊருக்குப் போய்த் தன்னை எழுதிக்கொடுக்க வந்திருக்கும் யோசேப்பும் மரியாளும். பத்து நிமிடம் அந்தப் படத்தின் முன்னால் நின்றிருக்கிறேன், அவர்களை நான் பார்க்கவே இல்லை. படத்துக்குள்ளும் ஒருவரும் பார்க்கவில்லை. பன்றி அறுப்பவர் திரும்பவில்லை, பிள்ளைகள் திரும்பவில்லை. இன்னும் இரண்டு சுமைக்காரர்கள் வந்திருக்கிறார்கள், வரிசையில் நிற்கட்டும்.

என் பழைய கருத்து அங்கேதான் ஆட்டம் கண்டது. அந்தப் படத்தின் மையமே ஒரு பயணம். ஆனால் அது பார்ப்பதற்காகப் போன பயணம் இல்லை. எண்ணப்படுவதற்காகப் போன பயணம். 1566-இல் இந்த நாட்டை ஆண்டவர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப். அந்தச் சுவரில் இருக்கும் சின்னம் அவர் குடும்பத்தினுடையது. புரூகல் அதை எதிர்ப்பாக வரைந்தாரா, தன் ஊரில் தினமும் பார்த்ததை வரைந்தாரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. கழுதை எந்தத் திசையில் போகிறது என்பது போதும். அது ஜன்னலை நோக்கிப் போகிறது. நிலம் முழுக்க விரிந்து கிடக்கிறது, குளம் இருக்கிறது, சூரியன் இருக்கிறது. ஆனால் பாதைகள் எல்லாம் சுற்றி வளைத்து அந்த ஒரு ஜன்னலுக்குத்தான் வந்து சேர்கின்றன.

அதே அறையில் ‘பறவைப் பொறி’ படமும் இருக்கிறது. புரூகலின் மூத்த மகன் பட்டறையிலிருந்தும் பிறர் கையாலும் நூற்றுக்கும் மேற்பட்ட நகல்கள் கிளம்பியது இதற்குத்தான். அன்று அதைச் சரியாகப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

வண்டிகள்

அடுத்த தலைமுறையில் சாலைக்கு ஒரு ராஜா வந்தார்: புரூகலின் இளைய மகன் யான். 1568-இல் பிறந்தவர், அப்பா இறந்தபோது கைக்குழந்தை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய செப்புத் தகடுகளில் கூண்டு வண்டிகளை வரைந்து தள்ளியிருக்கிறார். மேட்டுப்பாதை, ஆழமான வண்டித்தடம், காற்றாலை, கூடையோடு பெண்கள், கம்போடு மாட்டுக்காரர்கள். மிலானில் இருந்த கர்தினால் பெதெரிகோ பொரொமேயோ இவருடைய நெருங்கிய ஆதரவாளர். பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அவர் பிறந்த ஆண்டில் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய போர் 80 ஆண்டு ஓடியது. நடுவில் 1609 முதல் 1621 வரைதான் ஓய்வு. அதே நகரத்தில், அதே காலத்தில், செபாஸ்டியன் விராங்க்ஸ் அதே கூண்டு வண்டிகளைத்தான் வரைந்தார். அவர் படத்தில் புதரிலிருந்து ஆயுதத்தோடு ஆட்கள் பாய்கிறார்கள், வண்டிக்காரன் கீழே கிடக்கிறான். யானின் வண்டி ஏன் எப்போதும் நாலைந்தாகச் சேர்ந்து போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அழகுக்காக என்று நினைத்திருந்தேன்.

ஆண்ட்வெர்ப்பின் இன்னொரு ஓவியர் ரூபன்ஸ் விஷயம் வேறு. அவர் 1635-இல் பிரஸ்ஸல்ஸுக்கும் மெஹலனுக்கும் நடுவே எலெவெய்ட்டில் ‘ஹெட் ஸ்டேன்’ என்ற மாளிகையைத் தோட்டந்துரவோடு வாங்கினார். அடுத்த ஆண்டு அதன் காலை நேரத்தை இரண்டேகால் மீட்டர் அகலத்துக்கு வரைந்தார். இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வலப்பக்கம் சூரியன் எழ, நிலம் தொடுவானம் வரை பொன்னாக உருகுகிறது. இங்கேதான் ஒருவழியாகப் பார்க்கிறவரும் வரைகிறவரும் நிலத்துக்குச் சொந்தக்காரரும் ஒரே ஆள். இந்த மாதிரிப் படங்களை அவர் விற்கவில்லை. இறக்கும்வரை வீட்டிலேயே வைத்திருந்தார். எனக்குப் பிடித்த பிளெமிஷ் நிலக்காட்சி எது என்று கேட்டால், இத்தனைக்குப் பிறகும் வெட்கமில்லாமல் இதைத்தான் சொல்வேன். இடது மூலையில் சந்தைக்குப் போகும் வண்டி ஒன்று ஓடையில் இறங்குகிறது. அதில் ஒரு குடியானவனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு கால் கட்டிய கன்றுக்குட்டி ஒன்று. சூரியன் அந்த மூவருக்கும் முதுகுப் பக்கம் இருக்கிறது.

சிண்ட்-அன்னா-பேடே

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே பாயோட்டன்லாண்ட் பகுதிக்குப் போனேன். அங்கே டில்பேக் பக்கத்தில் சிண்ட்-அன்னா-பேடே என்று ஒரு குட்டிக் கிராமம். புரூகல் 1568-இல் வரைந்த ‘குருடருக்குக் குருடர் வழிகாட்டி’ படத்தில் பின்னால் தெரியும் தேவாலயம் இந்த ஊருடையது. படம் இப்போது நேபிள்ஸில் இருக்கிறது. தேவாலயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆறு குருடர்கள் ஒருவர் தோளை, ஒருவர் கோலை ஒருவர் பிடித்துக்கொண்டு வர, முதல் ஆள் ஏற்கெனவே பள்ளத்தில் விழுந்துவிட்டான். கூடவே அவனுடைய நரம்பு வாத்தியமும். அவர்களிடமும் சுமை இருக்கிறது பாருங்கள். ஊரைச் சுற்றி ஒரு நடைபாதை போட்டு, அங்கங்கே புரூகல் படங்களின் பிரதிகளைப் பலகையில் வைத்திருக்கிறார்கள்.

வான் மாண்டர் இன்னொரு கதையும் சொல்கிறார். புரூகலும் ஹான்ஸ் பிராங்கர்ட் என்ற வணிக நண்பரும் குடியானவர் உடை போட்டுக்கொண்டு கிராமத்துக் கல்யாணங்களுக்குப் போவார்களாம். பெண் வீட்டுச் சொந்தம், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். முறைப்படி பரிசும் கொண்டுபோவார்களாம். அவரேகூட வெறுங்கையோடு போகவில்லை! நான் போனேன். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு போன்.

நல்ல வெயில். ஊருக்குக் குறுக்கே உயரமான ரயில் பாலம் ஒன்று வளைவு வளைவாகப் போகிறது. அதைத் தவிர மீதி எல்லாம் மேடும் பள்ளமுமாகப் பழைய நிலம்தான். வழியில் ஒரு பண்ணைக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்கு விற்கும் தானியங்கிப் பெட்டி இருந்தது. காசு போட்டால் கதவு திறக்கும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சாதாரணம். (புரூகல் காலத்துக் குடியானவர்கள் இதைக் கண்ணால் கண்டதில்லை. உருளைக்கிழங்கு இங்கே வந்தது அவர் போன பிறகு.) அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா அதில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து டச்சில் கேட்டார்:

“வழி தப்பி வந்துட்டீங்களா?”

“இல்லைங்க, சும்மா நடக்கிறேன்.”

“சும்மாவா?” அவர் என் கையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். “மழை வரும்” என்றார்.

‘வைக்கோல் சேர்ப்பு’ப் பெண்ணின் பார்வை என்று பிறகு எழுதிக்கொள்ளலாம், அந்த நேரத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. காசு போட்டேன். இருந்ததிலேயே சின்னது 5 கிலோ. காகித மூட்டை, பிடிக்க ஒன்றுமில்லை. குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்து, பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். தேவாலயத்தின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அது எதிர்த்திசை. போகவில்லை. கால் மணி நேரத்தில், அவர் சொன்ன மழையும் வந்தது. காகிதம் ஊறி அடிப்பக்கம் கிழியத் தொடங்கியது. மேல்சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி போனை வாங்கிப் பார்த்தான். காலையிலிருந்து 61 படங்கள்: தேவாலயம், பாலம், மேகம், வேலி, மறுபடி தேவாலயம். கடைசிப் படம் அந்தத் தானியங்கிப் பெட்டிக்கு முன்னால் எடுத்தது. அதற்கப்புறம் நிறுத்தம் வரை 3 கிலோமீட்டர் நடந்திருக்கிறேன்.

“வர்ற வழி எப்படிண்ணே இருந்துச்சு?” என்றான், மூட்டையை ஒரு கையால் தூக்கி எடை பார்த்தபடி.

யோசித்துப் பார்த்தேன். தார்ச்சாலை ஓரத்து வெள்ளைக் கோடும் என் ஷூ முனையும்தான் ஞாபகத்துக்கு வந்தன.